ஈறு நிறத்தில் ஒரு கார்

காலத்தின் பிடியிலிருந்து அழகை மீட்டு மனித குலத்திடம் திருப்பிக் கொடுப்பவன் நான். இது என் வார்த்தை இல்லை, என் பட்டறை வாசலில் தொங்கும் பலகையின் வார்த்தை. எழுதிக் கொடுத்த விளம்பரக்காரர் இதை முதலில் ஒரு முகப்பூச்சுக் கம்பெனிக்குத்தான் எழுதினாராம். அவர்கள் வேண்டாம் என்றதும் 'முகம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு என் தலையில் கட்டிவிட்டார்.

டீ வாங்கிக் கொடுத்தீர்கள், நன்றி. பதிவு செய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள். ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் இரண்டு நாளாக அந்த வெல்டரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் காரை அவர் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அவர் பெயர் இதில் எப்படி வந்தது என்பதையும் நானே சொல்கிறேன்.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் ஏதோ கெட்டவன் என்ற எண்ணம் உங்களுக்கு வந்துவிடும்.

பழைய காரைப் புதிதாக்கி விற்பவன் கொழித்துக் கிடக்கிறான் என்று ஊரே நினைக்கிறது. உண்மையில் மூன்று பங்கு பணத்தைப் போட்டால் இரண்டு பங்கு திரும்பி வரும். கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கும் ஒரு காரை வாங்கி வருகிறோம். கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் கப்பலில் வர வேண்டும். பம்பருக்குக் குரோம் ஏற்றுபவன் நகைக்கடைக்காரன் மாதிரி விலை சொல்வான். சீட் தைப்பவர், பெயிண்ட் அடிப்பவர், வயரிங் பார்ப்பவர் எல்லோரும் கலைஞர்கள், எல்லோரும் முன்பணம் கேட்பவர்கள். எங்கள் சொந்த உழைப்பை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அன்றைக்கே கடையை மூட வேண்டியிருக்கும்.

அதிலும் ஒருவர் ஆசைக்கென்று செய்யும் கார் இன்னும் மோசம். அது இன்னொருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அவர் வாங்காவிட்டால் யாருக்கும் பொருந்தாது.

ஆக, இந்தத் தொழிலில் பணம் மிஞ்சுகிற இடம் ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத இடம்.

என் தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். இரும்பு வேலை முழுக்க அவன்தான். வெல்டிங், தகடு தட்டுவது, சட்டம் நிமிர்த்துவது எல்லாம் அவன். வாடிக்கையாளரிடம் பேசுவது, போட்டோவுக்கு நிற்பது, பாரம்பரியம் என்ற சொல்லை இழுத்து உச்சரிப்பது ஆகியவை என் பொறுப்பு. அவனுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை வைக்க ஆசை. அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான். இதை என்னிடம் சொல்லவே கூச்சப்பட்டான். "கோவிச்சுக்காதீங்கண்ணே, உங்களை விட்டுட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க, பக்கத்துத் தெருதான்" என்றான். நான் சந்தோஷப்பட்டேன். அவன் போய்விட்டால் என் பட்டறையில் பேசுவதற்கு மட்டும்தான் ஆள் இருக்கும் என்பது தனி விஷயம்.

அப்போதுதான் பல் டாக்டர் வந்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் கட்டியவர். இரண்டு கதவுள்ள பழைய கார் ஒன்று வேண்டும், உள்ளே புது எஞ்சின் பெரியதாக இருக்க வேண்டும், நிறம் மட்டும் தன் விருப்பப்படி என்றார்.

"ரோஸா சார்?" என்று கேட்டான் தம்பி.

"ரோஸ் இல்லப்பா. ஆரோக்கியமான ஈறு இருக்கு பாரு, அந்த நிறம். ரத்தம் வராத ஈறு."

தம்பி கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு பண்ணுங்க சார். பெயிண்ட் கடைக்காரரைக் கூட்டிட்டு உங்க கிளினிக்குக்கே வந்துடறேன். நீங்க யாராவது நல்ல பேஷண்டா பார்த்து வாயைத் திறக்கச் சொல்லுங்க."

டாக்டர் அதை ஒரு தொழில்முறை யோசனையாக ஏற்றுக்கொண்டார். உண்மையிலேயே போனார்கள். ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் ஈறு தேர்வானது. அந்த அம்மாவுக்கு இது தெரியுமோ என்னவோ.

காரைப் பிரித்துப் போட்டபோது சேஸிஸ் தெரிந்தது. காரின் எடை முழுவதையும் தாங்கும் அடிச்சட்டம். டிரைவர் பக்கம் முன்னால், ஸ்டியரிங்கையும் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில், தம்பி ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். பிடிவரை உள்ளே போய்விட்டது.

"இங்க பாருங்கண்ணே. இது சட்டமா, பிஸ்கட்டா?" என்றான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெக்கணும். புது எஞ்சின் கனம் வேற. இது மாத்தாம வண்டி வாசலைத் தாண்டக் கூடாதுண்ணே. ஸ்டியரிங் பாக்ஸ் பிச்சுக்கிட்டு வந்துடும்" என்றான்.

சரி என்றேன். டாக்டரிடமும் சொன்னேன். அஸ்திவாரம் முக்கியம், பல்லிலும் வேர்தான் எல்லாம் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, சட்டம் மாற்றுவதற்கென்றே தனியாகப் பணம் கொடுத்தார். பேசிய நேரத்துக்கு என்னிடம் அவர் எதுவும் வாங்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பணத்தில்தான் கார் கண்காட்சியில் கடை போட்டேன். சிவப்புக் கம்பளம், மேலிருந்து விழும் விளக்குகள், பின்னால் ஒரு பெரிய திரை. திரையில் 'நேர்மையே எங்கள் அடித்தளம்' என்று எழுதியிருந்தோம். இது வீண்செலவு என்று நீங்கள் நினைக்கலாம். சட்டத்தை மாற்றினால் யாருக்குத் தெரியும்? கம்பளம் தெரியும்.

அந்தச் சமயத்தில் தம்பி மனைவிக்கு இரண்டாவது பிரசவம். குழந்தை நாளாவதற்கு முன்பே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான். நான் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "வேலை கெடக்குதேண்ணே" என்றான். "குழந்தையைப் பாருடா, வண்டியை நான் பார்த்துக்கறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

வண்டியை நான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பட்டறையில் யாரும் இல்லை. செத்துப்போன இரும்பைச் சுரண்டி எடுத்தேன். நிறைய வந்தது. ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி வைத்தேன். பட்டி என்றால் தெரியும்தானே, கார் உடம்பில் ஒடுக்கு விழுந்தால் பூசி மெழுகும் மாவு. தோலுக்குத்தான் அது, எலும்புக்கு அல்ல. அது எனக்குத் தெரியும்.

ஆனால் டாக்டரிடம் ஒரு காந்தம் இருந்தது. பழைய கார் வாங்குபவர்கள் எல்லோரும் இப்போது ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு காந்தத்தோடு வருகிறார்கள். இரும்பில் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. அதற்கும் வழி இருந்தது. தம்பிக்குத் தரை அழுக்காக இருந்தால் பிடிக்காது. கிரைண்டரிலிருந்து உதிரும் இரும்புத் தூளைச் சாயங்காலம் கூட்டி ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு வைப்பான். அந்தத் தூளை எடுத்துப் பட்டியில் பிசைந்தேன். சப்பாத்திக்குப் பிசைவது மாதிரித்தான். கை நடுங்கியது என்று சொன்னால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். நடுங்கவில்லை. பட்டி சீக்கிரம் இறுகிவிடும், நடுங்க நேரமில்லை.

தேய்த்து, வழித்து, மேலே கறுப்புத் தார்ப் பூச்சு கொடுத்தேன். ஸ்டியரிங் பாக்ஸையும் நானே பொருத்தி முறுக்கி வைத்துவிட்டேன். தம்பி முறுக்கியிருந்தால் கையிலேயே தெரிந்திருக்கும்.

அவன் வேலைக்குத் திரும்பியதும் நேராகக் காருக்கு அடியில் குனிந்தான்.

"சட்டம் மாத்தியாச்சா? யாரு பண்ணினது?"

வெளியே பெஞ்சில் இருக்கிறாரே, அவர் பெயரைச் சொன்னேன். இந்த ஊரில் தம்பி மதிக்கும் ஒரே வெல்டர் அவர்தான். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் தம்பி வண்டியைத் தூக்கி, பூச்சைச் சுரண்டிப் பார்த்திருப்பான்.

"அப்ப கவலையில்ல" என்றான். பிறகு ஸ்டியரிங் பாக்ஸைப் பார்த்துவிட்டு, "இது?" என்றான்.

"நான்தான் மாட்டினேன்."

"நீங்களா? ஸ்பேனரை எந்தப் பக்கம் புடிக்கணும்னு யாருண்ணே சொல்லிக் குடுத்தா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அண்ணன் தனக்காக ஒரு வேலையை இழுத்துப்போட்டுச் செய்திருக்கிறான் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் சிரித்தேன்.

டாக்டர் வந்தார். தோல் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார், பல் பிடுங்கும் கருவியை எடுப்பது மாதிரி. காரைத் தூக்கி நிறுத்தச் சொல்லி அடியில் போய் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது. "சுத்தமான வேலை" என்றார். கண்காட்சியில் அந்தக் காருக்கு 'சிறந்த மறுவாழ்வு' என்று ஒரு கோப்பை கொடுத்தார்கள். நான் மேடையேறி வாங்கினேன். உயிரில்லாத பொருளுக்கும் உயிர் உண்டு என்று தொடங்கிச் சற்று நேரம் பேசினேன். தம்பி கீழே நின்று கைதட்டினான். அவன் பக்கத்தில் நின்றவர் கொட்டாவி விட்டார்.

காரை எடுத்துக்கொண்டு போக வேண்டிய வாரம் டாக்டர் போன் செய்தார். சைக்கிளுக்கு மாறிவிட்டாராம். இதயத்துக்கு அதுதான் நல்லதாம். முன்பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். மீதிப் பணத்தை நம்பித்தான் நான் பேங்கில் கடன் வாங்கியிருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல முடியாது. அழகை மீட்பவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

விளம்பரம் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். வேறு நிறம் அடிக்கக் கையில் காசு இல்லை. கடைசியில் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர் வந்தார். கார் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடை வாசலில் சிமெண்டு மேடை கட்டி அதில் நிறுத்திவைத்து, கூரைமேல் ஒரு பெரிய கோன் வைக்கலாம் என்றார். ஓட்டுவதற்கு இல்லை, நிறுத்திவைக்கத்தான். நான் கேட்டதில் பாதி தருவதாகச் சொன்னார்.

"குடுத்துடுங்கண்ணே, வந்தவரைக்கும் லாபம்" என்றான் தம்பி.

நான் மறுத்துவிட்டேன். கோப்பை வாங்கிய காரின் தலையில் கோனா என்று கேட்டேன். கலையை அவமதிக்க முடியாது என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தக் கார் ஓடவே ஓடாத ஓர் இடம் உலகத்தில் இருந்தது. பாதி விலை என்பதால் நான் அதை அங்கே அனுப்பவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடியபடியே தம்பி சொன்னான்.

"அண்ணே, அந்த வண்டியை நானே எடுத்துக்கறேன்."

"உனக்கு எதுக்குடா கார்?"

"ஏன், நான் கார் ஓட்டக் கூடாதா? என் பொண்டாட்டி, அந்த டீச்சரம்மாவோட ஈறு நெறத்துல ஊர்வலம் போகட்டுமே."

விலை கேட்டான். ஐஸ்கிரீம்காரரிடம் சொன்ன விலையைச் சொன்னேன். பிறகு தம்பி என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் நடுவில் அதை நினைத்தால் ஓர் ஆறுதல் இருக்கிறது. குறைக்க வேண்டும் என்று எனக்குக் கட்டாயம் ஒன்றும் இல்லை.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்ல நினைத்தேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததும் ஜன்னலருகே போய்க் குனிந்தேன். வாயைத் திறந்தேன். "டயர்ல காத்து பார்த்துக்கோ" என்றேன். "பார்த்துட்டேண்ணே" என்றான். அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான், வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏதாவது சாக்குச் சொல்லி ஒரு நாள் காரைத் திரும்ப வாங்கி, சத்தமில்லாமல் சட்டத்தை மாற்றிக் கொடுத்துவிடுவது என்று திட்டம். அதற்குள் அவன் கொடுத்த பணம் பேங்குக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் செய்யலாம் என்று இருந்தேன்.

அவன் அந்தக் காரை ஒரு தடவைகூடக் காந்தம் வைத்துப் பார்க்கவில்லை. அத்தனை பாடுபட்டுத் தூளைப் பிசைந்தது அவனுக்குத் தேவையே படவில்லை. அண்ணன் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டான்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த மனைவியைக் கூட்டிவரப் போனபோதுதான் நடந்தது. ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கும் வளைவு. அங்கே டயர் கடை வைத்திருப்பவர் உங்களிடம் சொன்னதைப் பேப்பரில் நானும் படித்தேன். "அவரு ஸ்டியரிங்கைச் சுத்திக்கிட்டே இருந்தாரு சார், வண்டி திரும்பவே இல்ல." சரியாகத்தான் பார்த்திருக்கிறார். சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் அப்போது ஒன்றும் இருந்திருக்காது. கையில் வெறும் வளையம். சுவர் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். தன் வேலையில் எங்கே தப்பு என்றுதான் அந்த நேரத்திலும் யோசித்திருப்பான். அவன் சுபாவம் அது.

இவ்வளவுதான் விஷயம். சட்டம் மக்கியிருந்தது எனக்குத் தெரியும். மாற்றுவதற்குப் பணம் வாங்கினேன், மாற்றவில்லை. பட்டி வைத்து மூடினேன். மூடியதைத் தெரிந்தே என் தம்பியிடம் விற்றேன். வெல்டர் செய்தார் என்று சொன்னது பொய். தம்பி அதைத் தன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான், அவள் உங்களிடம் சொன்னாள், நீங்கள் அவரைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். இரண்டு நாள் நான் பேசாமல்தான் இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. இது உங்கள் விசாரணைக்கு வேண்டுமா என்று தெரியவில்லை.

வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் சட்டைகள் கொடியில் அப்படியே கிடந்தன. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "ஆசைப்பட்ட காரை ஆசை தீர ஓட்டிட்டுத்தாம்மா போயிருக்கான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை.

"அவருக்கு எங்க மாமா அந்தக் கார் மேல ஆசை? அந்தக் கலரைப் பார்த்தாலே சிரிப்பாரு. பேங்க்லேர்ந்து ஆளு வந்து உங்களைச் சத்தம் போட்டதைப் பார்த்துட்டு வந்து ராத்திரியெல்லாம் தூங்கல. 'பணமா குடுத்தா அண்ணன் கை நீட்ட மாட்டாரு, அவருக்குக் கௌரவம் ஜாஸ்தி. காரை வாங்கிக்கறேன்னா மறுக்க மாட்டாரு'ன்னாரு. பட்டறை வைக்கச் சேர்த்த காசு மாமா. நான் வேணாம்னுதான் சொன்னேன். 'எங்கண்ணன் தலை குனிஞ்சு நிக்கறதைப் பார்க்க முடியல'ன்னு சொல்லிட்டாரு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகை நடிப்பு இல்லை. பேசி விற்பவன் என்பதால் என் பேச்சை நீங்கள் சந்தேகப்படலாம், அழுகையைச் சந்தேகப்பட வேண்டாம். குழந்தையும் என்னைப் பார்த்துப் பயந்து அழுதது. அவள் ஒரு கையால் குழந்தையைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "விடுங்க மாமா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். காரோடு நான் கொடுத்த இரண்டாவது சாவி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு சாவியும் இருந்தால் இடிபட்ட காரும் கொஞ்சம் கூடுதல் விலைக்குப் போகும், எஞ்சினும் பின்பக்கமும் நன்றாகத்தான் இருந்தன. அவள் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்து கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன்.